மூச்சுக்கு வழக்காடுவார் யார்?

நிலத்துக்கு வழக்காடுகிறோம், எல்லை வேலிக்கு வழக்காடுகிறோம், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடவில்லையென்று வாய்க்கால் வரம்பில் நின்று வழக்காடுகிறோம், கடலில் தொழில் செய்யும் உரிமைக்காகக் கொழும்பு வரை சென்று வழக்காடுகிறோம். இவை யாவும் நியாயமான வழக்குகளே. இவற்றைக் கைவிட வேண்டுமென்று எவரும் சொல்லார். ஆயினும் இத்தனை உரிமைகளையும் அனுபவிப்பதற்கு மனிதன் உயிரோடிருக்க வேண்டும். உயிரோடிருப்பதற்கு அவனுக்கு மூச்சு ஓட வேண்டும். அந்த மூச்சுக்காக மன்னாரில் இதுவரை வழக்காடியவர் யார்? அரசியல் மேடைகளில் ஏறியவர்கள் நாம். நீதிமன்றங்களில் நின்றவர்கள் நாம். ஆகவே இக்கேள்வியை முதலில் நம்மை நோக்கியே கேட்கிறோம்.

மன்னார் காற்றின் ஊர். சோளகம் எழுந்துவிட்டால் தலைமன்னாரிலிருந்து தாழ்வுபாடு வரை மணல் எழுந்து முகத்தில் அறையும். அந்தக் காற்றின் வலிமையை அறிந்துதான் 2020 இன் இறுதியில் தீவின் தென்கரையில் 30 கோபுரங்கள் கொண்ட ‘தம்பபவனி’ காற்றாலை மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. இத்தனை காற்று வீசும் ஊரில் மூச்சுக்குப் பஞ்சமா என்று வெளியூர் அன்பர்கள் வியக்கலாம். காற்று வெளியே வீசுகிறது. நோயோ வீட்டின் உள்ளே, குசினியிலும் வாடியிலும் கதவடைத்த அறையிலும் வளர்கிறது. இதுதான் உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன் தீவின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து ஒரு கடற்றொழிலாளி நம் காரியாலயத்துக்கு வந்தார். குடியிருக்கும் வளவை ஈடுவைத்துக் காசு பெற வேண்டும், ஈட்டு உறுதி எழுதித் தாருங்கள் என்றார். என்ன தேவையென்று கேட்டோம். பதில் சொல்வதற்குள் அவரை இருமல் பற்றிக்கொண்டது. உடன் வந்த மனைவிதான் மெல்லச் சொன்னார்: ஏழு மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது, ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கிக் கைக்காசெல்லாம் தீர்ந்துவிட்டது. நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போய்ச் சளியைச் சோதித்தீர்களா என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அங்க போனதை ஆரும் கண்டால் நாளைக்கு வாடியில எனக்கு இடமில்லை ஐயா” என்றார்.

அந்த உறுதியை நாம் எழுதவில்லை. அவரை அனுப்பிச் சளியைச் சோதிக்கச் செய்தோம். காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாத மருந்து ஒரு சதமும் செலவின்றிக் கிடைத்தது. அவர் தேறித் திரும்பவும் கடலுக்குப் போனார். இலவசமாகத் தீரக்கூடிய ஒரு நோய்க்காக ஒரு குடும்பம் தன் வளவை இழக்கும் தறுவாயில் நின்றது. அவர்களைத் தடுத்து வைத்தது பணமில்லாமை அன்று, வெட்கமே. உறுதி எழுதுவிக்க வந்தபடியால் இவர் நம் கண்ணில் பட்டார். வராதவர்கள் எத்தனை பேர்?

இலங்கையில் 2023 ஆம் ஆண்டில் காசநோயாளரென்று பதியப்பட்டோர் தொகை 9,000 க்கு மேல். ஆனால் ஆண்டுதோறும் நோய்வாய்ப்படுவோர் 14,000 அளவில் இருக்கலாம் என்பது அண்மைய ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் கொண்ட மதிப்பீடு. பதிவேட்டுக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே காணாமற்போன இந்த ஆயிரக்கணக்கானோர் எங்கே இருக்கிறார்கள்? வாடியில் நெருக்கமாகப் படுத்துறங்குகிறார்கள். பேருந்தில் நம் அருகில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கிறார்கள். இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றிலே கலக்கிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நோயாளியிடமிருந்து தொற்றும் ஆற்றல் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. எனவே ஊருக்கு ஆபத்து மருந்து குடிக்கும் நோயாளியால் அன்று; நாம் வெட்கப்படுத்தி ஒளித்துவைத்த நோயாளியால்தான்.

இந்த உண்மையை உலகுக்கு நிறுவிக்காட்டிய இடம் நமக்கு அயலான சென்னையே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? 1956 இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், வறிய நோயாளரை இரு பிரிவாக வகுத்து, ஒரு பிரிவினரைச் சானற்றோரியத்திலும் மறு பிரிவினரை அவர்தம் நெருக்கமான வீடுகளிலுமே வைத்து மருந்து கொடுத்தது. நல்லுணவும் ஓய்வும் பெற்ற சானற்றோரியத்தாருக்கு நிகராகவே வீட்டிலிருந்தோரும் குணமடைந்தனர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உறவினருக்கும் அதனால் மிகுதியான தீங்கு வரவில்லை. 1959 இல் இம்முடிவு வெளியானதும் உலகின் பல பாகங்களில் சானற்றோரியங்கள் மூடப்படலாயின. தமிழரின் நகரொன்று உலகுக்குக் கற்பித்த பாடம் இது. அப்பாடம் பாக்குநீரிணையைத் தாண்டி நம் வாடிகளுக்கு இன்னும் வந்துசேரவில்லையே! நோயாளியின் கோப்பையையும் பாயையும் தனியே ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு. கோப்பையினால் காசநோய் பரவுவதில்லை.

நோய்க்கு உணவும் ஒரு காரணம். 2023 இல் வெளியான ஆய்வொன்றில், இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்துக் காசநோயாளரின் குடும்பத்தாருக்குத் தானியமும் பருப்பும் சத்துமாத்திரையும் கொடுத்தபோது, தொற்றும் வகைக் காசநோய் அவர்களிடையே ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சியில் நம் வீடுகளில் எத்தனை சட்டிகள் பாதியாயின என்பதை மன்னார்த் தாய்மார் அறிவர். அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. அதனால் வள்ளங்கள் கரையில் கிடந்தன. தொழிலும் போயிற்று, உணவும் குறைந்தது.

அதே ஆண்டு எரிவாயுச் சிலிண்டர் கிடையாமல், விறகடுப்பை விட்டுப்போயிருந்த வீடுகளும் அதற்கே திரும்பின. விறகடுப்பைப் பற்றி நம் அரசியலில் எவரும் பேசுவதில்லை. அது பெண்களின் காரியம் என்று தள்ளிவிட்டோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகினாலேயே சமைத்தன. நம் பகுதியில் விறகோடு பனைமட்டையும் பன்னாடையும் பொச்சும் சிரட்டையும் ஊமலும் எரிகின்றன. சோளகத்தில் மணல் விழாதபடி குசினியை நாற்புறமும் அடைத்து மறைக்கிறோம். மணலைத் தடுக்கும் அந்த அடைப்பு புகையை உள்ளே சிறைவைக்கிறது. அதற்குள் நாள்தோறும் மூன்று நான்கு மணிநேரம் நிற்பவள் நம் தாய். அவள் இடுப்பில் இருப்பது நம் குழந்தை. வீட்டுப் புகையினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் மக்கள் மாண்டனரென்றும், அப்புகை சிறுபிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் வரும் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறதென்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வாழ்நாளில் ஒரு பீடியையும் தொடாத கிழவிக்குத் தொய்வு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோமே, விடை அவள் ஊதிய ஊதுகுழலில் இருக்கிறது. பீடியும் சுருட்டும் பிடிக்கும் ஆடவருக்கோ நாம் விடை சொல்ல வேண்டியதில்லை. அதை அவர்களே அறிவர்.

கமக்கார அன்பர்கள் இது கரையார் கதையென்று எண்ணிவிட வேண்டாம். கட்டுக்கரைக்குளத்தின்கீழ் நானாட்டானிலும் முருங்கனிலும் உயிலங்குளத்திலும் அறுவடை நடக்கும்போது எழும் பதர்த்தூசியும் சுணையும் எவருடைய மூக்கில் ஏறுகின்றன? தானியம் புடைப்போரும் அளப்போரும் இருமலாலும் மூச்சிழுப்பாலும் வருந்துவதை இத்தாலிய வைத்தியர் இரமசீனி 1700 ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கிளறும்போது எழும் தூசி சுவாசப்பையைத் தழும்பாக்கும். மேல்நாட்டு வைத்தியர் அந்நோய்க்குக் கமக்காரனின் பெயரையே இட்டிருக்கின்றனர். அறுவடை முடிந்தபின் வயலிலே வைக்கோலுக்கு நெருப்பிடுகிறோம். அந்தப் புகை அடுத்த வரம்பில் நின்றுவிடுவதில்லை.

புகைக்கு வரம்பு மட்டுமன்றி நாட்டெல்லையும் தெரியாது. 2022 டிசெம்பரில் வங்கக் கடலில் மண்டூஸ் புயல் உருவானபோது, வடக்கேயிருந்து வந்த காற்று இந்தியாவின் புகையையும் சுமந்து வந்தது. யாழ்ப்பாணம் முதல் கொழும்பு வரை வானம் மங்கியது. டிசெம்பர் 9 ஆந் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்பின் காற்றும் கெட்டபடியால் அன்று காற்று ஒரு தேசியச் செய்தியாயிற்று. நம் குசினிக் காற்று நாள்தோறும் கெடுகிறது. அதற்காக எந்தப் பாடசாலையும் மூடப்பட்டதில்லை.

இனி மணல் விடயத்துக்கு வருவோம். மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று முதலிய கனிமங்கள் உள்ளன என்று அவுஸ்திரேலியக் கம்பனியொன்று பல இடங்களில் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. 2025 ஓகஸ்டில் இம்மணல் அகழ்வையும் புதிய காற்றாலைகளையும் எதிர்த்து மன்னார் மக்கள் இரவு பகலாக வீதியில் இருந்தனர். காற்றாலை வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க ஜனாதிபதி பணித்தார். அப்போராட்டத்தில் நன்னீர் உவராகும் என்றனர். வெள்ளம் வடியாது என்றனர். மீன்வளம் குன்றும் என்றனர். இவை கேட்கப்பட வேண்டிய முறைப்பாடுகளே. ஆனால் நாம் நியாயம் பேசுவோராகையால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காற்றாலை புகை கக்குவதில்லை; நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுப்பதைவிட அது மூச்சுக்கு நல்லதே. காற்றாலையை எதிர்ப்போர் வேறு காரணம் கூறலாம். நெஞ்சுநோயைக் காரணமாகக் கூறலாகாது. பொய்ச்சாட்சி ஒன்று புகுந்தால் மெய்ச்சாட்சிகளையும் நீதிமன்றம் நம்பாது.

மணல் அகழ்வு அப்படியன்று. கடற்கரை மணலின் பெரிய மணிகள் சுவாசப்பையின் ஆழத்துக்குச் செல்லமாட்டா. அவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆழம் சென்று தங்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியே. மணலை உலர்த்திப் பிரிக்கும் இடத்திலும், அரைக்கும் இடத்திலும், ஏற்றி இறக்கும் இடத்திலும், புல்பூண்டு நீங்கி வெறுமையான மேட்டிலும் அது பிறக்கும். அதில் சிலிக்கா கலந்திருந்தால் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவனின் சுவாசப்பை தழும்பேறி இறுகும். அதற்கு மாற்று மருந்தில்லை. அத்தகைய சுவாசப்பையைக் காசநோய் எளிதிற் பற்றும். சோளகம் அடிக்கும் 30 கிலோமீட்டர் நீளத் தீவில் இது சிறு கேள்வியன்று.

கடலுக்கு அப்பால் தூத்துக்குடியைப் பாருங்கள். அங்கிருந்த செப்பு உருக்காலையிலிருந்து வாயு கசிந்ததாக 2013 மார்ச்சில் மக்கள் மூச்சுத் திணறலுக்கும் கண்ணெரிச்சலுக்கும் முறையிட்டனர். அடுத்த மாதமே இந்திய உச்ச நீதிமன்றம் சுற்றாடற் கேட்டுக்காக அவ்வாலை 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது. ஆயினும் ஆலை தொடர்ந்து இயங்கியது. 2018 மே 22 இல் ஊர்வலம் சென்ற மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 13 உயிர்கள் போயின. ஆலை பின்னர் மூடப்பட்டது. அதைத் திறக்கக் கோரிய மேன்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் தள்ளியது. மூச்சுக்கான வழக்கை முதலிலேயே சரியாக நடத்தாவிட்டால் முடிவில் உயிர்களே விலையாகின்றன.

நம் நாட்டுச் சட்டம் நமக்கு என்ன தருகிறது? அரசியலமைப்பின் 27(14) ஆம் உறுப்புரை, சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்கிறது. 29 ஆம் உறுப்புரையோ அக்கடமையை நீதிமன்றில் நேரே வலியுறுத்த முடியாதென்கிறது. ஆயினும் நீதிமன்றம் வழிகண்டிருக்கிறது. எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில், கமக்காரரும் ஒரு பௌத்த பிக்குவும் அடங்கிய அவ்வூர் மக்கள் தம் நிலத்தடிக் கனிமத்தைப் பிறநாட்டுக் கம்பனியின் பங்குடன் அகழும் திட்டத்தை எதிர்த்தனர். முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் நிறைவேறாமல் உடன்படிக்கை செய்யலாகாது என்று 2000 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 இல் அதே நீதிமன்றம் மின்நிலையக் கம்பனி 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்த்தது.

இவ்விரு தீர்ப்புகளும் நமக்குத் துணை. ஆனால் ஒரு பெரிய இடர் உண்டு. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றுக்குச் செல்ல வேண்டுமென்கிறது 126 ஆம் உறுப்புரை. சிலிக்காத் தூசியோ பத்தாண்டு கழித்துத்தான் தன்னைக் காட்டும். சட்டம் தரும் தவணை ஒரு மாதம். நோய் எடுக்கும் தவணை பத்தாண்டு. கிணற்று நீரை முகர்ந்தால் எண்ணெய் மணக்கும்; சுவாசப்பைக்குள் இருப்பதை எவர் முகர்ந்து காட்டுவார்? அன்று நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்றே: இந்நோய் முன்பு இருந்ததா, பின்பு வந்ததா? ‘முன்பு’ என்பதற்கு நம்மிடம் பதிவில்லையாயின் வழக்குத் தோற்கும். எதிர்த்தரப்பார் நம் குசினிப் புகையையே நமக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவர். ஆகவே சாட்சியம் இன்றே திரட்டப்பட வேண்டும்.

சுவாசப்பைக்குப் பரிந்து பேச ஆளில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அஸ்பெஸ்டஸ் கூரை ஓர் உதாரணம். புற்றுநோய்க்குக் காரணமாகும் அந்நாரின் இறக்குமதியை 2018 முதல் குறைத்துவர அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் பூச்சி காணப்பட்டதென்று கூறி ருசியா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் ருசியாவே. சில நாட்களில் நம் அரசாங்கம் தன் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தேயிலைக்கும் வழி திறந்தது. பேரம் நடந்த மேசையில் தேயிலைக்கு ஆள் இருந்தது. சுவாசப்பைக்கு ஆள் இல்லை.

எனவே நாம் கோருவன இவை. முதலாவது, மன்னார் நகரிலும் தலைமன்னாரிலும் முருங்கனிலும் காற்றின் நுண்தூசி இடையறாது அளக்கப்பட்டு, அவ்வெண்ணிக்கை நாள்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் கூடும் இடங்களில் வெளியிடப்பட வேண்டும். 2008 இன் நம் நாட்டு நியமம் ஒரு நாளுக்கு 50 மைக்கிரோகிராமை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த அளவு 15. எந்த அளவில் நாம் நிற்கிறோமென்று அறிவது நம் உரிமை. இரண்டாவது, மணல் அகழ்வு பற்றிய எந்த முடிவுக்கும் முன்னர், தீவு மக்களின் சுவாசப்பை நலத்தை ஊர்வாரியாகச் சோதித்துப் பதிவுசெய்ய வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டில் அப்பதிவும் ஓர் அத்தியாயமாக வேண்டும். மூன்றாவது, நோயாளி வரட்டுமென்று காத்திராமல், பருவந்தோறும் வாடிகளுக்கே சென்று சளியையும் நெஞ்சையும் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். தொழிலுக்காகத் துறைமாறும் மீனவனின் மருந்து அவன் போகும் துறைக்கும் தொடர்ந்து செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2022 இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டவுடனேயே எடையையும் மூச்சையும் எழுந்து நிற்கும் வலுவையும் பார்த்து, மெலிந்தோரைத் தாமதமின்றி வைத்தியசாலையில் சேர்க்கிறது. பெருஞ்செலவில்லாத இம்முறை நமக்கும் ஏற்றதே.

அரசாங்கத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்க எவராலும் இயலாது. வைத்திய அன்பர்கள் மாதத்தில் ஒருநாளை வாடிகளுக்குத் தரலாம். ஆசிரியர்கள், இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்குச் சளிச்சோதனை வேண்டுமென்பதை வாய்பாடு போலப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். சட்டத்தரணிகள் பதிவுகளைத் திரட்டிப் பாதுகாக்கலாம். பங்குத்தந்தையரும் மௌலவிமாரும் கோயில் தருமகர்த்தாக்களும் காசநோயாளியை ஒதுக்குவது பாவமென்று தத்தம் மக்களுக்குச் சொல்லலாம். கமக்காரர் வைக்கோலை எரியாது மாட்டுக்கும் பசளைக்கும் ஆக்கலாம். தூசி வேலையில் வாய்மூக்கைக் கட்டலாம். குசினியின் மேற்புறத்தில் புகைபோக வழிவிட ஓர் அரைநாள் வேலை போதும். 1980 களில் இந்நாட்டிலேயே வடிவமைத்த ‘அனகி’ மண்ணடுப்பு விறகைக் குறைக்கும்; புகையை முற்றாக நீக்காது எனினும், புகைபோக்கியோடு சேர்ந்தால் தாயின் கண்ணீரில் பாதியேனும் குறையும். இதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை.

நம்மிடம் உறுதி எழுத வந்த அந்தத் தொழிலாளியின் வளவு இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அதைக் காத்தது பெரிய சட்டவாதமன்று. “சளியைச் சோதித்தீர்களா” என்ற ஒரே கேள்வி. அக்கேள்வியை இவ்வாரம் நம் வீட்டில் இருமுபவரிடம் கேட்போம், அயல்வீட்டாரிடமும் கேட்போம். அதைக் கேட்கக் கூசுகிறவன் நிலத்துக்கும் கடலுக்கும் உரிமை கேட்டு மேடையேறுவதில் பொருளில்லை.